மேகசினோடு பேசினது

பாட்டு ஓடட்டும்க்கா, காதுல இருக்கறதைக் கழட்ட வேண்டாம். நான் பாட்டுக்கு வாய்க்குள்ள பேசிட்டு வருவேன், நீங்க பாட்டுக்குக் கேட்டுட்டு வாங்க. எனக்கு அதுதான் சௌகரியம். காது திறந்திருக்கிற ஆளைக் கண்டால் என் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்பப் பாத்தீங்கல்ல, கண்டக்டர்கிட்ட 'கோயமுத்தூர் ஒண்ணு' என்று சொல்வதற்குள் எனக்கு எப்படி வேர்த்துப் போச்சு என்று. நான் சொன்னது அவருக்கு விழவே இல்லை. நல்லவேளை, நீங்க எடுத்துச் சொன்னீங்க. காதுல அதை மாட்டிக்கிட்டே எப்படித்தான் தெரிஞ்சுதோ. என் வாயைப் பாத்திருப்பீங்களாட்ட இருக்குது.

பாப்பா கால் உங்க மேல படுதுங்களா? தூக்கத்தில் உதைப்பாள். அட, நீங்களே பையை நகர்த்திட்டீங்க. நல்ல மனசு உங்களுக்கு.

நான் எங்கே போறேன் தெரியுங்களா? துப்பாக்கி சுடற இடத்துக்கு. பயந்துக்காதீங்க. போலீசும் இல்லை, திருடனும் இல்லை. அட்டையில் வட்டம் போட்டு வைத்துச் சுடற விளையாட்டு. திருச்செங்கோட்டுக்கு வெளியில், எங்க லைன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அப்படி ஒரு கிளப் இருக்குது. நான் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் போனேன். பாப்பாவை அங்கன்வாடியில் விட்டுவிட்டுப் போவேன். முதல் நாள் உள்ளே போனதும் எல்லார் காதிலும் சட்டி மாதிரி பெரிய மூடி. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை, ஒரு பேச்சு கிடையாது. எல்லாரும் அட்டையைப் பார்த்தே நிற்கிறார்கள். எனக்கும் ஒரு மூடி கொடுத்து மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன் பாருங்க, கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஒரு அமைதி. யாரும் என்னிடம் 'ஊட்டுக்காரர் எப்ப வர்றாரு' என்று கேட்க முடியாது. கேட்டாலும் எனக்குக் கேட்காது. இந்த இடத்தை விட்டுப் போகக்கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அங்கே கோச்சு தேவசகாயம் சார். பட்டாளத்தில் இருந்து வந்தவர். தலையில் முடி முழுசும் போச்சு, காது பாதி போச்சு. அதனால் எதைச் சொன்னாலும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். ஒருநாள் என் கையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் விரல் சின்னதா இருக்கு. இந்தா, இதைத் துடை" என்று ஒரு தகரப் பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அதுதான் மேகசின். துப்பாக்கிக் கைப்பிடிக்குள் சொருகுவது. தீப்பெட்டியை நீட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங் மேல் ஒரு தட்டு, தட்டு மேல் அஞ்சு குண்டு. ஒன்று போனால் அடுத்தது தானாக மேலே வரவேண்டும். வரும்போது சிணுங்கக்கூடாது.

ஆனால் சிணுங்குங்க்கா. அந்தக் குண்டு மேல் மெழுகு பூசியிருக்கும். மெழுகும் கரியும் சேர்ந்து உள்ளே களிம்பாட்ட ஒட்டிக்கொள்ளும். குண்டு பாதியில் நின்றுவிடும். போட்டியில் அப்படி நின்றால் சுடுகிறவர்களுக்கு உயிர் போன மாதிரி. அதனால் அடித் தகட்டைக் கழட்டி, ஸ்பிரிங் துள்ளி ஓடாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காது குடையற பஞ்சுக் குச்சியால் மூலையெல்லாம் துடைக்க வேண்டும். உள்பக்கம் எங்கேயாவது பிசிறு தட்டினால் தண்ணி பேப்பர், அதான் நைசு உப்புத்தாள், அதைக் குச்சியில் சுற்றி ஒரு இழுப்பு. ஒரே இழுப்பு. மேலே குண்டைப் பிடித்துக்கொள்கிற உதடு ரெண்டு இருக்கும், அதைத் தொடவே கூடாது. கடைசியில் பனியன் துணியால் பளபளவென்று துடைத்து, தட்டை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். வெண்ணெயில் விரல் இறங்குவது போல் இறங்கி, விட்டால் அதேபோல் ஏறவேண்டும். எண்ணெய் மட்டும் வைக்கக்கூடாது. எண்ணெய் கரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ளும்.

இன்னொன்று சொல்வார் சார். "சாயங்காலம் எல்லாத்தையும் காலி பண்ணிட்டு வை. அமுங்கியே கெடந்தா ஸ்பிரிங் செத்துரும்!" நான் தினமும் காலி பண்ணித்தான் வைப்பேன். அதில் என்னை ஒரு குறை சொல்ல முடியாது.

வேலை இதுதான். உட்கார்ந்து துடைப்பது. அவர்கள் சுட்டுக்கொண்டே இருப்பார்கள், காதுமூடிக்குள் எனக்கு யாரோ தூரத்தில் கதவைத் தட்டுகிற மாதிரி டொப் டொப் என்று கேட்கும். துடைக்கத் துடைக்க என் வாய் தானாகத் திறந்துகொண்டது. முதலில் மேகசினிடம்தான் பேசினேன். 'வாடி, உனக்குத்தான் எத்தனை அழுக்கு' என்று. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் பேச ஆரம்பித்தேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். ரங்கராஜ். ரிக் வண்டிக்குப் போனவர். எங்க ஊரில் பாதி ஆம்பளைங்க போர் போடற ரிக் வண்டியில்தான், வடக்கே எங்கெங்கோ போவார்கள். மழைக்காலம் வந்தால் அங்கே வேலை ஓடாது, வண்டிகள் ஊர் திரும்பும். ஆடியில் எங்க லைன் வீட்டு வாசல் முழுக்க ஆம்பளைச் செருப்பாக் கிடந்தது. என் வாசலில் என் செருப்பும் பாப்பா செருப்பும். ஏன் வரலை என்று கேட்டார்கள். அவர் வண்டி ராஜஸ்தானுக்கு மாறிவிட்டது, அங்கே மழையே கிடையாது, அதனால் வேலை நிற்கவில்லை என்றேன். போன் பண்றாரா? பண்ணறாருங்க, நேத்துக்கூடப் பண்ணினாரு. தீபாவளிக்குச் சேலை அனுப்பினாரா? அனுப்பினாருங்க. நானே போய் ஒரு சேலை எடுத்து, கொரியர் கவரில் போட்டு, எல்லார் முன்னாலும் பிரித்தேன்.

வண்டி ஓனர் ஆபீசுக்கும் போனேன். அங்கே மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல், "அவன் ராய்ப்பூர்லயே கணக்கு முடிச்சிட்டு எறங்கிட்டான்மா. அதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது" என்றார். அதுக்கு மேல தெரியாது என்றால் அதுக்கு மேல என்னமோ இருக்குது என்றுதானே அர்த்தம். போன் போட்டால் ஒரு பொம்பளை இந்தியில் பேசுவாள், ரெக்கார்டுதான். டவர் இல்லாத இடமாக இருக்கும்.

இதையெல்லாம் நான் ஒருத்தரிடமும் சொல்லலீங்க்கா. எங்க அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மேகசினிடம் மட்டும்தான். எல்லாருக்கும் காதை மூடியிருக்குது, குண்டு வெடிக்குது, யாருக்குக் கேட்கப் போகுது? என் காதையும் மூடியிருந்ததால் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் உரக்கவே பேசியிருப்பேனாட்ட இருக்குது.

என் மேசைக்கு முன்னால் கடைசி இடத்தில் நிற்கிறது மிருதுளா என்று ஒரு புள்ள. காலேஜ் படிக்கிறாள். அப்பா அம்மா ரெண்டு பேரும் டாக்டர். பெரிய வீடு, ரூம்புக்கு ரூம்பு டிவி. ஆனால் கொண்டுவந்த சோத்தைக் காருக்குள் உட்கார்ந்து தனியாகத்தான் தின்பாள். வாயே திறக்கமாட்டாள். என்னைவிட ஊமை. 'பணம் இருக்கிற வீட்டுப் புள்ள, அதுக்கென்ன குறை, பேசணும்னு என்ன அவசியம்' என்று நினைத்துக்கொள்வேன். அவளுடைய மேகசின் மூன்றுக்கும் அடியில் நெயில் பாலிஷ்ஷால் சிவப்புப் பொட்டு வைத்திருப்பாள். அவளுடைய காதுமூடி மட்டும் பச்சை நிறம், விலை கூடினது. அதில் ஒரு திருகு, ரெண்டு பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் நான்தான் மாற்றிப் போடுவேன். பாட்டுக் கேட்கிற மிஷின் என்று நினைத்தேன். சுடும்போதும் பாட்டு வேண்டியிருக்குது பாரு என்று நினைத்தேன்.

ஒருநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பாவாயிக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பொழுதெல்லாம் அதையேதான் மேகசினிடம் புலம்பினேன். சாயங்காலம் கிளம்பும்போது மிருதுளா வந்து ஒரு மருந்து பாட்டிலை என் பையில் வைத்தாள். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விடலைன்னா ராத்திரி இதைக் குடுங்கக்கா." எனக்கு ஆச்சரியம். டாக்டர் வீட்டுப் புள்ள, தாய் முகத்தைப் பார்த்தே குழந்தைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கிறாள் என்று பாவாயிக்காவிடம்கூடச் சொன்னேன்.

இன்னொரு நாள் தேவசகாயம் சார் நடந்து போகிறதை மேகசினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'வர்றாரு பாரு வாத்து, முன்னால தொப்பை வருது, பின்னால சார் வர்றாரு.' அப்போது பார்த்து மிருதுளாவின் தோள் குலுங்கி, குண்டு அட்டையை விட்டே வெளியே போய்விட்டது. சார் அந்தப் புள்ளையைத் திட்டின திட்டு இருக்குதே! இவ்வளவு நல்லாச் சுடற புள்ளைக்குத் திடீர் திடீரென்று என்ன ஆகுது என்று நானும் வருத்தப்பட்டேன்.

சிரிக்கறீங்க. போன்ல தமாஷ் ஓடுதாட்ட இருக்குது. சிரிங்க, சிரிங்க.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. மிருதுளா பச்சை மூடியைக் கழட்டி வைத்துவிட்டுத் தண்ணி குடிக்கப் போயிருந்தாள். மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் சார் வந்தார், அதை எடுத்துப் பார்த்தார், தலையில் மாட்டித் திருகைத் திருகினார். நான் பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே, 'ஏ மொட்டை, நீ வாயைத் தொறந்தாலே அட்டை கிழிஞ்சிருமே, உனக்கெல்லாம் எதுக்குத் துப்பாக்கி' என்றேன்.

சார் திரும்பினார். அவர் வாய் அசைந்தது. நான் என் மூடியைக் கழட்டினேன்.

"என்னம்மா சொன்ன? அட்டை கிழிஞ்சிருமா?"

அவர் கோபப்படவே இல்லீங்க்கா. சின்னப் புள்ளையாட்டக் குதிக்கிறார். "யோவ், எல்லாரும் இங்க வாங்கய்யா! குண்டுச் சத்தத்தை அமுக்கிட்டுப் பேச்சை மட்டும் பெருசாக்கிக் குடுக்குதய்யா இது! இத்தனை வருசம் கழிச்சு எனக்குக் காது கேக்குது, மொதல்ல கேட்டதே மொட்டைங்கற வார்த்தை!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கதவுப் பக்கம் பார்த்தேன். தண்ணி பாட்டிலோடு மிருதுளா நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மருந்து பாட்டில், குலுங்கின தோள், எல்லாம். கொரியர் கவர் அவளுக்குத் தெரியும். ராய்ப்பூர் தெரியும். ராத்திரி என் வீட்டுக்காரர் சட்டையைத் தலையணைக்கு மாட்டிப் படுப்பது தெரியும். பேட்டரி போட்டுக் கொடுத்தவளே நான்தானே!

ஸ்பிரிங்கைப் பாதி மாட்டினபடி போட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் போகவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லீங்களா? 'அக்கா, எனக்குக் கேக்குது' என்று ஒரே ஒரு வார்த்தை. ஒரு பொம்பளை தன் மானத்தை அவிழ்த்துக் காயப்போடுவதை ஒரு பருவம் முழுக்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு நிற்பாங்களா? நீங்களே சொல்லுங்க. உங்களை மாதிரி ஒரு மனுஷியா இருந்தா அப்படிப் பண்ணுவாங்களா?

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஒரு நாள் வாசலில் ஸ்கூட்டி சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். மிருதுளா. குழாயடியில் பாவாயிக்கா. கேட்கவா வேணும்!

"யாரம்மிணி? எந்த ஊட்டுக்கு?"

"சுகந்திக்கா வீடுங்க."

"அவ கதவைச் சாத்திட்டுக் கெடக்கறா. ஊட்டுக்காரன் தீபத்துக்காச்சும் வருவானான்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கறா. ராஜஸ்தானாம் ராஜஸ்தான்! அங்கிருந்து வந்தவனுக யாரும் இவனைப் பாக்கலையாம். என்னமோ இருக்குது போ."

முடிஞ்சுது, இந்தப் புள்ள வாயைத் திறந்தால் இன்றைக்கு லைன் வீடு முழுக்க என் கதைதான்.

அந்த ஊமை வாயைத் திறந்ததுங்க்கா.

"ரங்கராஜ் அண்ணனுங்களா? நேத்துத்தானுங்க எங்கப்பாவுக்குப் போன் பண்ணினாரு. அங்க ரொட்டியே தின்னு வாய் செத்துப் போச்சாம். பருப்புல பெருங்காயமே போடறதில்லையாம். அக்கா வைக்கிற கொள்ளுப் பருப்புக்கு ஏங்கிப் போயிருக்காராம். காட்டுக்குள்ள வண்டி நிக்குதாம், டவரே இல்லையாம், ரோட்டுக்கு வந்து பண்ணினாராம், அக்காவுக்கு லைன் கெடைக்கலையாம். பாப்பா நடக்கறாளான்னு நாலு வாட்டி கேட்டாராம்."

பாவாயிக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அட, அப்படியா சங்கதி! கொள்ளுப் பருப்புன்னா அவனுக்கு உசுருதான். நெசந்தான்."

ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. பெருங்காயம், கொள்ளுப் பருப்பு, டவர் எல்லாம் நான் மேகசினிடம் சொன்னது. 'பாப்பா நடக்கறாளான்னு ஒரு வாட்டி கேட்கமாட்டீங்களா' என்று நான் கேட்டதைத்தான் அந்தப் புள்ள திருப்பிப் போட்டுச் சொன்னாள். எல்லாம் எனக்குத் தெரியுதுங்க்கா. தெரிந்தும் நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? கதவைத் திறந்து, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்திவிட்டு, காது மூடாத ஆளைப் பார்த்து முதல் முறையாக அவரைப் பற்றி நானாக வாய் திறந்து கேட்டேன்:

"நெசமாலுமே பண்ணினாராங் கண்ணு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மேகசின் ஏறமாட்டேங்குதுக்கா" என்றாள். "வாட்ச்மேன் எண்ணெய் விட்டுட்டாரு."

நான் இல்லாதபோது அந்த மனுஷன் மூன்று மேகசினிலும் மிஷின் எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார். கரி பிடித்து உள்ளே எள்ளுருண்டையாகிப் போச்சு. போட்டி வருது, குண்டு ஏறவில்லை. எனக்கு அப்போதும் கோபம் போகவில்லை. ஏன் எங்கிட்டச் சொல்லலை என்று கேட்டேன். அழுதாள். "சொன்னா நீங்க பேசறதை நிறுத்திடுவீங்கக்கா. எங்க வீட்ல யாரும் யார்கூடவும் பேசமாட்டாங்க. நீங்க பின்னாடி பேசிட்டே இருந்தாத்தான் என் கை நிக்குது."

பணக்கார வீட்டுப் புள்ளைங்களுக்கு அழறதுக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்குது பாருங்க. பேச ஆளில்லையாம். அதெல்லாம் ஒரு குறையா? நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை, ஆமா.

ஆனால் மேகசின் என்ன பாவம் பண்ணியது? மறுநாள் போனேன். எண்ணெய் முழுக்கத் துடைத்து எடுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. நான் துடைத்தேன், அவள் சுட்டாள். நான் வாயே திறக்கவில்லை. அவள் குண்டெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போச்சு. பார்த்துப் பார்த்துப் பொறுக்கவில்லை. பச்சை மூடி மாட்டியிருக்கிறாள், கேட்கும் என்று தெரியும். தெரிந்தும், 'இன்னைக்குக் கொள்ளுப் பருப்பு வச்சேன்' என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். அடுத்த அஞ்சும் நடு வட்டத்துக்குள்.

இன்றைக்குக் கோயமுத்தூரில் போட்டி. கிளப் வேனில் கூப்பிட்டார்கள். வேனுக்குள் எல்லார் காதும் திறந்திருக்குமே, நான் பஸ்ஸிலேயே வர்றேன் என்றுவிட்டேன். போட்டியில் அந்தப் பச்சை மூடியைப் போடக்கூடாதாம்க்கா, சட்டமாம். சாதா மூடிதான். நான் என்ன பேசினாலும் அவளுக்குக் கேட்காது. அப்புறம் நான் எதுக்கு என்று கேட்டேன். "பின்னாடி உக்காந்து வாய்க்குள்ள பேசுங்கக்கா, நான் கேக்கறதா நெனச்சுக்கறேன்" என்கிறாள். பைத்தியம். மேகசினைக் கடைசியாக ஒரு துடை துடைத்துக் கொடுக்கத்தான் நான் போறேன். அதுக்குத்தான்.

பெருந்துறை வந்துருச்சுங்க. இங்கேதான் எறங்கறீங்களா? பாத்து எந்திரிங்க. அக்கா, இருங்க, உங்க காது வயரு கம்பியில மாட்டிக்குச்சு, நான் எடுத்து விடறேன்...

ஏனுங்க்கா.

இது போன்ல சொருகியே இல்லீங்களே. நுனி சும்மாத் தொங்குது.

ஏறினதுலருந்தேங்களா?

அப்ப அந்த டிக்கெட்டு... பை நகர்த்தினது... வாத்துன்னு சொன்னப்ப நீங்க சிரிச்சது...

இல்லீங்க, மன்னிப்பெல்லாம் வேண்டாம். யாரும் பேச்சுக் குடுக்கக் கூடாதுன்னு மாட்டியிருப்பீங்க. எனக்குத் தெரியாததா அது. விசில் ஊதறாரு, எறங்குங்க.

இருங்க. ஒரே ஒரு நிமிஷம். கண்டக்டரண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க, இவங்க எறங்கணும்! எனக்குச் சத்தம் வந்துருச்சு பாருங்க. அக்கா, அதைக் காதுலருந்து எடுத்துடுங்க. ரெண்டையும். பாதி கேட்டதாட்டப் போக வேண்டாம், கடைசியையும் நேராக் கேட்டுட்டுப் போங்க.

என் பேரு சுகந்தி. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போயிட்டாருங்க்கா.